வீட்டுக் கணினியும் ஏட்டுச்சுவடியும்

இலக்கியம் பேசும் இடத்தில் விண்டோஸ் கணினியைப் பாதுகாப்பது குறித்து எழுதப் புகுவது நண்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். அது கணினி இதழ்களின் வேலை, நமக்கென்ன என்று கேட்பவர்களும் உண்டு. அண்மைக்காலம் வரை நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். எண்ணம் மாறுவதற்கு ஓர் இழப்பு காரணமாயிற்று. அதைச் சொல்லிவிட்டே கருத்துக்குள் போக வேண்டும்.

எங்களுக்குத் தமிழ் பயிற்றுவித்த பேராசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றபின் பதினைந்து ஆண்டுகள் தென்மாவட்டத் தேரிக்காட்டு ஊர்களில் அலைந்து பனைத்தொழில் சார்ந்த சொற்களைத் திரட்டி வந்தார். பாளை சீவும் அரிவாளுக்கு ஊருக்கு ஊர் என்ன பெயர், கலயத்தில் சுண்ணாம்பு தடவும் செயலை எப்படிச் சொல்கிறார்கள், கருப்புக்கட்டிப் பாகு பதம் கண்டதை எந்தச் சொல்லால் குறிக்கிறார்கள் என்றெல்லாம் பனையேறிகளின் வாயிலிருந்தே கேட்டு எழுதியவை. ஏறத்தாழ ஆறாயிரம் சொற்கள். சொல்லித் தந்த முதியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. குறிப்பேடுகளில் எழுதியதைத் தாமே வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்தார். தட்டச்சு முடிய முடியக் குறிப்பேடுகளைப் பழைய தாளுக்குப் போட்டுவிட்டார். வீட்டில் இடமில்லை, இனி அவை எதற்கு என்று நினைத்தார்.

2022 கோடை விடுமுறையில் ஒருநாள் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, கோப்பெல்லாம் இருக்கிறது. ஆனால் ஒன்றும் திறக்க மாட்டேன் என்கிறது" என்றார். துறையிலிருந்து இருவர் சென்று பார்த்தோம். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் பொருளற்ற நான்கெழுத்து வால் ஒன்று முளைத்திருந்தது. ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு சிறு ஆங்கிலக் கடிதம் கிடந்தது. கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, திறவுகோல் வேண்டுமானால் 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை 490 டாலர் என்று அதில் எழுதியிருந்தது. ஆடித் தள்ளுபடி போல் அறிவித்திருந்தார்கள்.

விடுமுறைக்கு வந்த பேரன், விலை கொடுத்து வாங்க வேண்டிய படத்தொகுப்பு மென்பொருள் ஒன்றை 'கிராக்' செய்யப்பட்ட வடிவில் இறக்கி நிறுவியிருக்கிறான். நச்சுநிரல் அதனோடு வந்து சேர்ந்திருக்கிறது. பேராசிரியர் கவனமில்லாதவர் அல்லர். தனியே ஒரு வெளி வன்தட்டு வாங்கி அதில் எல்லாவற்றையும் படியெடுத்து வைத்திருந்தார். ஆனால் அந்த வன்தட்டு இரவும் பகலும் கணினியில் செருகியபடியே இருந்தது. கணினிக்கு நேர்ந்தது அதற்கும் நேர்ந்தது.

அடுத்த தெருவில் கணினி பழுது பார்க்கும் இளைஞர் வந்து பார்த்துவிட்டு, "ஃபார்மட் அடிச்சிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். பேராசிரியர் எங்களைப் பார்த்து, "கொடுத்துவிடலாமா தம்பி?" என்று கேட்டார். அன்றைய மதிப்பில் நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கொடுத்தாலும் திறவுகோல் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, கொடுக்கும் பணம் அடுத்த வீட்டைத் தாக்குவதற்கு முதலாகும் என்று சொன்னோம். பூட்டிய கோப்புகளைத் திறக்கக் கிடைக்கும் இலவசக் கருவிகளைத் தேடினோம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், மிரட்டல் கடிதத்தை அளித்தால் அந்த வகைக்கு மாற்று உண்டா என்று சொல்வார்கள். சில வகைகளுக்கு உண்டு. இவர் கணினியில் புகுந்ததற்கு அன்று இல்லை.

எஞ்சியது ஒன்றுதான். 2017-இல் முதற்பகுதியை மெய்ப்புப் பார்ப்பதற்காக எங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். 180 பக்கம். அது மட்டும் எங்கள் அஞ்சற்பெட்டியில் கிடந்து பிழைத்தது.

படியெடுத்தவர்களால் பிழைத்த இலக்கியம்

திரும்பி வரும் வழியில் நாங்கள் பேசிக்கொண்டது உ.வே.சாமிநாதையரைப் பற்றி. சீவகசிந்தாமணியை அவர் 1887-இல் பதிப்பித்தார். பத்துப்பாட்டு 1889-இலும் சிலப்பதிகாரம் 1892-இலும் புறநானூறு 1894-இலும் வெளிவந்தன. அதே 1887-இல் சி.வை.தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சிட்டார். இந்நூல்கள் அவர்கள் கைக்கு எப்படி வந்தன என்பதை நாம் வகுப்பில் ஆண்டுதோறும் உருக்கத்தோடு சொல்கிறோம். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன சுவடிகளையும் கறையானுக்கு இரையானவற்றையும் சொல்லும்போது மாணவர் முகங்கள் வாடுவதைக் கண்டிருக்கிறோம்.

அந்த வரலாற்றில் நாம் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. பனையோலை நிலையான பொருளன்று. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் அது தாங்குவதில்லை. அப்படியிருக்க, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல் நம்மை வந்தடைந்ததற்கு ஓலையின் வலிமை காரணமாக இருக்க முடியாது. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார். ஒரு படி மடத்திலும் இன்னொன்று கவிராயர் வீட்டிலும் வேறொன்று வேறோர் ஊரிலும் இருந்தன. ஓர் இடத்தில் அழிந்தபோது இன்னோர் இடத்தில் இருந்தது. பேராசிரியரின் 180 பக்கம் எங்கள் அஞ்சற்பெட்டியில் பிழைத்ததும் இதே முறையில்தான்.

இன்று தமிழில் எழுதுபவர்கள், ஆராய்பவர்கள், சிற்றிதழ் நடத்துபவர்கள் அனைவரின் சுவடிக்கட்டும் வீட்டுக் கணினிக்குள் இருக்கிறது. அச்சேறாத நாவல், பாதியில் நிற்கும் மொழிபெயர்ப்பு, இருபது ஆண்டுக் கடிதங்கள், மறைந்த எழுத்தாளருடன் பதிவு செய்த உரையாடல் எல்லாம் ஒரே ஒரு படியாக ஒரே ஒரு தட்டில். பழஞ்சுவடிகள் அழிந்ததற்காக வருந்தும் நாம், நம் காலத்துச் சுவடிகளைப் பக்கத்துத் தெருப் பையனின் பொறுப்பில் விட்டிருக்கிறோம். கணினியைப் பேணுவது தொழில்நுட்பருக்கு உரியது என்ற எண்ணத்தைத் தமிழ் படித்தவர்கள் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதற்குப் பெரும்பகுதி வேண்டியது தொழில்நுட்ப அறிவன்று. படிப்பவரின் கவனமும் படியெடுப்பவரின் பொறுமையும் போதும். இரண்டும் நமக்குப் பழக்கமானவை.

பெரிய நிறுவனங்களே தடுமாறும்போது வீட்டில் நாம் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். 2023 அக்டோபர் இறுதியில் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் இத்தகைய பணயத் தாக்குதலுக்கு உள்ளானது. நூலகம் பணம் தர மறுத்தது. திருடர்கள் ஏறத்தாழ 600 ஜிகாபைட் அளவுள்ள தகவலை வெளியே கொட்டினார்கள். நூற்பட்டியல் மீண்டும் இணையத்தில் தேடக் கிடைத்தது 2024 சனவரியில்தான். பிற சேவைகள் திரும்ப மேலும் நெடுநாள் ஆயிற்று. ஆனால் 2024 மார்ச்சில் நூலகம் தானே வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் ஒன்று விளங்கும். எண்மியத் தொகுப்புகளின் பாதுகாப்பான படிகள் அவர்களிடம் இருந்தன. அவற்றை ஏற்றி இயக்கும் கட்டமைப்புதான் சிதைந்திருந்தது. சேவை முடங்கியது, நூல்கள் அழியவில்லை. படி இருந்தவருக்கு நேர்வது தாமதம், இல்லாதவருக்கு நேர்வது இழப்பு.

முதற்கடமை: படி

ஆகவே முதலில் படியெடுக்க வேண்டும். மூன்று படிகள் இருக்கட்டும்; அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும்; ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும் என்பது கணினித் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லும் விதி. கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ நண்பர் வீட்டிலோ ஒன்று. எழுத்துக் கோப்புகளுக்கு இடம் மிகக் குறைவாகவே வேண்டும். ஒருவர் வாழ்நாள் முழுதும் எழுதியது ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். ஆனால் பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். அது தொலையும், சொல்லாமல் சாகும்.

வெளி வன்தட்டைப் படியெடுக்கும் நேரத்தில் மட்டும் செருக வேண்டும். முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். பேராசிரியர் வீட்டில் நடந்ததற்கும் நடக்காதிருந்திருக்கக் கூடியதற்கும் இடையே இருந்தது ஒரு கம்பிதான்.

இணையச் சேமிப்பில் எல்லாம் இருக்கிறதே என்பார் சிலர். ஒன்டிரைவ் போன்றவை நம் கோப்புறையின் நிழல் போன்றவை. கணினியில் ஒரு கோப்பு அழிந்தாலோ பூட்டப்பட்டாலோ அந்த மாற்றம் அங்கும் போய்ச் சேரும். பழைய வடிவங்களைக் குறிப்பிட்ட காலம்வரை திரும்பப் பெறும் வசதி அவற்றில் உண்டு என்பதால் பயன் இல்லாமல் இல்லை. அதை மூன்றில் ஒன்றாகக் கொள்ளலாம். மூன்றுக்கும் ஈடாகக் கொள்ளக் கூடாது. எடுத்த படியை ஆண்டுக்கு இருமுறையாவது வேறொரு கணினியில் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத படி இருக்கிறது என்பது வெறும் நம்பிக்கை.

தமிழுக்கே உரிய இன்னோர் அழிவும் இருக்கிறது. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் நாம் ஆளுக்கோர் எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று குறியாக்கங்கள் பல. அந்தக் கோப்புகள் இன்று நலமாகவே இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிகின்றன. உரிய எழுத்துரு போய்விட்டால் கோப்பு இருந்தும் இல்லாததே. விண்டோஸ் 2000 முதல் யூனிகோட் தமிழ் இயங்குதளத்திலேயே கிடைக்கிறது. இன்றைய விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகையும் உடன் வருகிறது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கும்போதே அந்த வேலையைச் செய்துவிட வேண்டும். பழைய எழுத்தில் இருந்த ஏட்டை அதைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே பெயர்த்தெழுதினால்தான் உண்டு.

படிக்காமல் அழுத்தும் விரல்

அடுத்தது படிப்பது. ஒரு சங்கப் பாடலின் ஓர் அடிக்கு நச்சினார்க்கினியர் கொண்ட பொருள் சரியா என்று நாள் முழுதும் வாதாடுகிறோம். கணினித் திரையில் இரண்டு வரிப் பெட்டி ஒன்று தோன்றினால் படிக்காமலே 'யெஸ்' என்பதை அழுத்துகிறோம். 'இந்த மென்பொருள் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்கும் அந்தப் பெட்டி 2007-இல் விஸ்டாவோடு வந்தது. நாமே ஒன்றை நிறுவும்போது அது வந்தால் பொருத்தம். கடிதம் ஒன்றைத் திறக்கும்போது வந்தால் எங்கோ பிழை இருக்கிறது. இடம் பொருள் அறிந்து படிப்பது நம் தொழிலல்லவா?

திருட்டு மென்பொருள்களோடு வரும் நிறுவற் குறிப்பையும் ஒருமுறை உரைகாரர் கண்ணோடு படித்துப் பார்க்கலாம். 'முதலில் ஆண்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும்' என்றிருக்கும். வீட்டுக்கு வருபவர் முதலில் நாயைக் கட்டிப் போடச் சொன்னால் யோசிக்கிறோம். இங்கே யோசிப்பதில்லை. பேரன் செய்ததும் அதுதான். அவனை நாங்கள் குறை சொல்லவில்லை. காசு கொடுத்து மென்பொருள் வாங்கிய பெரியவர்களை அவன் கண்டதில்லை. கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தந்த கள்ள விண்டோஸில்தான் நம்மில் பலர் ஆய்வேடு எழுதினோம். நூல்களை ஒளிநகல் எடுத்து விற்றால் பதிப்பாளர் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று எழுதும் நாம், இதில் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியவர்களே. பணம் இல்லையென்றால் முறையான வழியிலேயே இலவசமாகக் கிடைப்பவை இருக்கின்றன. எழுதுவதற்கு லிப்ரே ஆபிஸ் போதும். படம் திருத்த கிம்ப் இருக்கிறது.

கல்லூரி ஆசிரியர்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் பன்னாட்டுக் கருத்தரங்க அழைப்புகளும் இதழ் அறிவிப்புகளும் மிகுதி. இணைப்பைத் திறக்குமுன் கோப்பின் முழுப்பெயரைப் பார்ப்பது நல்லது. விண்டோஸ் இயல்பாகக் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கிறது. 'அழைப்பிதழ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்பது 'அழைப்பிதழ்.பிடிஎஃப்' என்று மட்டும் தெரியும். 2000 மே மாதத்தில் காதற்கடிதம் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல் பயன்படுத்திய தந்திரம் இதுவே. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பட்டியலில் கோப்பு வகையைக் காட்டும்படி ஒருமுறை மாற்றிவிட்டால் பெயர் முழுதும் தெரியும்.

எழுத்துருக்களையும் கண்ட இடத்தில் இறக்கக் கூடாது. தமிழர்களாகிய நமக்கு எழுத்துரு சேகரிப்பதில் தீராத ஆசை உண்டு. எழுத்துரு வெறும் அழகுப் பொருள் என்று நினைக்கிறோம். 2011-இல் கண்டறியப்பட்ட 'டூக்கு' என்னும் நச்சுநிரல், வேர்ட் கோப்பில் பொதிந்த எழுத்துரு ஒன்றின் வழியாக விண்டோஸின் உட்கருவுக்குள் நுழைந்தது. 2015 சூலையில் எழுத்துருவைக் கையாளும் பகுதியில் இருந்த இன்னொரு பிழைக்காக மைக்ரோசாஃப்ட் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. உருவாக்கியவர் தளத்திலிருந்தோ அரசு, பல்கலைக்கழகத் தளங்களிலிருந்தோ பெறுவதே முறை. எழுத்துரு என்று சொல்லி இயக்கு கோப்பு ஒன்று வந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

திரை முழுதும் சிவந்து, 'உங்கள் கணினி பாதிக்கப்பட்டுள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று வந்தால் அது பொய். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. உலாவியை மூடிவிட்டால் போதும். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்லி யார் அழைத்தாலும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைப்பதும் இன்றியமையாதது. குழந்தைகளுக்கு 'ஸ்டாண்டர்ட்' வகைக் கணக்கு போதும். அந்தக் கணக்கில் நுழையும் நச்சுநிரல் இயல்பாக மற்றவர் கணக்கின் கோப்புகளைத் தொட முடியாது. இங்கே நம் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 'ஃபார்மட் செய்தால் சி டிரைவ் போய்விடும்' என்று அஞ்சி எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டு வைக்கிறோம். பெரும்பாலான கணினிகளில் டி டிரைவ் எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாகத் திறந்தே கிடக்கும். நம் கணக்கின் 'டாக்குமெண்ட்ஸ்' உறைக்கு உள்ள காவல் அங்கே இல்லை. பேராசிரியரின் சொல்லகராதி இருந்ததும் டி டிரைவில்தான்.

புதுப்பித்தலும் விடைபெறுதலும்

2003 ஆகஸ்டில் எங்களில் சிலர் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கான ஏட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். திடீரெனத் திரையில் 60 விநாடி எண்ணிக்கை தோன்றும். முடிந்ததும் கணினி தானே அணைந்து எழும். 'பிளாஸ்டர்' என்னும் புழு அது. பல இரவுகள் அதனால் கெட்டன. அந்தப் பிழைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு சூலையிலேயே வெளியிட்டிருந்தது என்பது பின்னர் தெரிந்தது. 2017 மே 12 அன்று ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளை முடக்கிய 'வான்னாக்ரை' தாக்குதலிலும் இதே கதை. திருத்தம் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. இரண்டு மாதம் இருந்தும் பலர் நிறுவவில்லை. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி ஆயிற்று.

எனவே புதுப்பித்தலைத் தொல்லையாகக் கருதி நிறுத்தி வைப்பது தவறு. மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று, நம் நேரப்படி அன்றிரவு, மைக்ரோசாஃப்டின் திருத்தங்கள் வரும். வாரத்தில் ஒருநாள் இரவு உறங்கப் போகும்முன் 'ரீஸ்டார்ட்' கொடுத்துவிட்டுப் போனால் காலையில் எல்லாம் முடிந்திருக்கும்.

திருத்தங்களே வராத இயங்குதளத்தில் இருப்பவர் நிலை வேறு. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் நீட்டிப்பு ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தானாக வருவதன்று, பதிவு செய்து பெற வேண்டியது. விண்டோஸ் 11-க்கு மாற டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். நன்றாக இயங்கும் பல பழைய கணினிகள் இந்தத் தேர்வில் தோற்கின்றன. இதில் மைக்ரோசாஃப்ட் மீது எங்களுக்கு மனத்தாங்கல் உண்டு. ஓடும் வண்டியை ஓரங்கட்டச் சொல்வது நடுத்தரக் குடும்பங்களுக்கு எளிதன்று. ஆனால் மனத்தாங்கல் பாதுகாப்பாகாது. அத்தகைய கணினியில் லினக்ஸ் நிறுவி, எழுதவும் படிக்கவும் பயன்படுத்தலாம். யூனிகோட் தமிழ் அங்கே நன்றாகவே இயங்குகிறது. அதுவும் இயலாதென்றால் இணையத்தைத் துண்டித்துத் தட்டச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 11 கணினி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். கணினி திருடு போனால் நல்லது. பழுதாகி வேறிடத்தில் வட்டைத் திறக்க நேர்ந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே எடுத்துத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட வேண்டும்.

வேகம் என்னும் மயக்கம்

கணினி மெதுவாகிவிட்டால் நாம் செய்யும் முதல் தவறு, வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருளைத் தேடுவது. ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாமென்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அவை மீட்டுத் தரும் வேகம் அற்பம். தவறினால் கணினியே எழாது. 2017 ஆகஸ்டில் வெளிவந்த 'சிகிளீனர்' பதிப்பு ஒன்றில், அதை உருவாக்கியவர்களுக்கே தெரியாமல் நச்சுநிரல் புகுத்தப்பட்டு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நற்பெயர் பெற்றிருந்த கருவிக்கே இந்த நிலை. முகவரி தெரியாதவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மெதுவாவதற்குக் காரணங்கள் சிலவே. கணினி எழும்போதே தாமும் எழும் மென்பொருள்கள் ஒன்று. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைப் பார்த்து வேண்டாதவற்றை நிறுத்தலாம். ஒன்றுக்கு இரண்டு ஆண்டிவைரஸ் வைப்பது இன்னொன்று. ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை இழுத்தடிக்கும். விண்டோஸ் 8 முதல் உடன்வரும் டிஃபெண்டர் ஒன்றே வீட்டுக்குப் போதும் என்பது எங்கள் அனுபவம். வட்டு விளிம்புவரை நிறைந்திருப்பதும், ஆண்டுக்கணக்கில் துடைக்காத விசிறியில் தூசி படிந்து கணினி சூடாவதும் மற்றவை.

இவற்றையெல்லாம் செய்தும் பழைய கணினி தவழுமானால், சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதைப் போன்ற மருந்து வேறில்லை. நினைவகம் 4 ஜிகாபைட்டாக இருந்தால் 8 ஆக்கலாம். புதுக் கணினி விலையில் சிறு பகுதிதான் ஆகும். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் யு.பி.எஸ். ஆடம்பரமன்று. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அன்றைய பக்கம் மட்டுமின்றி, கோப்பே சிதையக்கூடும்.

இரண்டு மறுப்புகள்

'எங்களிடம் திருட என்ன இருக்கிறது?' என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் மறுப்பு. திருடனுக்கு நம் நாவல் வேண்டாம் என்பது உண்மையே. அது நமக்கு வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். பணயத் தாக்குதலின் வணிகம் முழுதும் அந்த ஒன்றின் மேல் நிற்கிறது.

'எழுதியது அச்சில் வந்துவிட்டால் போதும்' என்பது மற்றொன்று. அச்சு நூலின் மீது எங்களுக்கும் பற்று மிகுதி. ஆனால் அச்சேறுவதற்குமுன் பல ஆண்டுகள் எழுத்து எங்கே இருக்கிறது? முந்நூறு படி அச்சிட்டுத் தீர்ந்துபோன நூலின் மறுபதிப்புக்குக் கோப்பைத் தேடும் பதிப்பாளர்களைக் கேட்டால் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தது. படிகள் உலகெங்கும் பரவின. பழந்தமிழுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் கைப்படிக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதை அவரவர்தாம் செய்துகொள்ள வேண்டும்.

பேராசிரியர் இப்போது எழுபத்தெட்டு வயதில் இருக்கிறார். 180 பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, விட்டுப்போன சொற்களை நினைவிலிருந்து பென்சிலால் பக்க ஓரங்களில் எழுதி வருகிறார். சில சொற்களுக்குப் பொருள் நினைவிருக்கிறது, எந்த ஊரில் கேட்டது என்பது நினைவில் இல்லை. சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தோம். படியெடுக்க வாங்கிய புது வன்தட்டை ஒரு துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துச் செருகிப் படியெடுத்துவிட்டுக் கழற்றி வைத்துவிடுகிறாராம். இன்னொரு படியை எங்கள் கையில் தந்து, "உங்கள் வீட்டில் இருக்கட்டும் தம்பி" என்றார்.